மகளின் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தராதது குறித்து

பெறுநர்: கல்லூரித் தாளாளர் அவர்கள், திருச்சி.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

டிஎம்எல்டி என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்த என் மகளின் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், டிசி மூன்றும் சேர்க்கை நாளில் நீங்கள் வாங்கி வைத்தவை. கோர்ஸ் முடிந்து மூன்று மாதமாகிறது. நான்கு முறை வந்துவிட்டேன். ஒருமுறை "சார் கையெழுத்து போடணும்", ஒருமுறை "பீரோ சாவி இல்லை". பிறகு தேர்வுக் கட்டணம் 3,500 பாக்கி என்றார்கள். ரசீதைக் காட்டினேன். "எங்க லெட்ஜர்ல ஏறலையே" என்று பதில்.

மூன்றாவது முறை வந்ததை மட்டும் மறக்க முடியவில்லை. வியாழக்கிழமை 11 மணிக்கு வரச் சொன்னது உங்கள் ஆபீஸ்தான். முந்திரிக்கொட்டை பொறுக்க ஆள் விட்டிருந்த நாள். போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஜெயங்கொண்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தால் கதவில் பூட்டு. எல்லோரும் பிளஸ் டூ பிள்ளைகளைப் பிடிக்க கேன்வாசிங் போயிருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். பாவம், அவராவது உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

உங்கள் ரிசப்ஷன் அம்மா? "உங்க பொண்ணு சர்ட்டிபிகேட்டை வச்சு நாங்க என்ன ஊறுகாயா போடப் போறோம்?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். நானும் அதைத்தான் கேட்கிறேன் ஐயா. பிறகு எதற்கு வைத்திருக்கிறீர்கள்?

தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. நீங்கள் வாங்கித் தந்ததல்ல, நோட்டீசில் போட்ட நூறு சதவீத வேலைவாய்ப்பு ஒரு போன் காலாகக்கூட வரவில்லை. அசலைக் காட்டினால்தான் சேர்ப்போம் என்றார்கள். வேறு பெண்ணை எடுத்துவிட்டார்கள். மாதம் 12,000. கணக்குப் போட்டால் எனக்கு நஷ்டம் பத்து லட்சத்துக்குக் குறையாது. அவள் வாழ்க்கையே போச்சு.

இதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே மைக்ராஸ்கோப். இஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கக் குழாயில் ரத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் வைக்க வேண்டுமாம். உங்கள் லேபில் பாதி நேரத்திலேயே அடுத்த பேட்ச் வந்து நிற்குமாம். அதற்கும் லேப் பீஸ் தனி.

கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. "நாங்க யூஜிசியில வர மாட்டோம்" என்றார் உங்கள் மேனேஜர். எதில்தான் வருவீர்கள்? சேர்க்கும்போது அரசு அங்கீகாரம் என்றீர்களே?

தங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் இல்லை. தாங்களும் பெண் பிள்ளை பெற்றவராக இருக்கலாம். வருகிற வெள்ளிக்கிழமை 11 மணிக்கு வருகிறேன். மூன்றும் மேசை மேல் இருக்கட்டும். இல்லையென்றால் அங்கிருந்தே நேராகக் கலெக்டர் ஆபீஸ். நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து அதுவரை இழுக்காதீர்கள்.

இப்படிக்கு,
மாணவியின் தந்தை

பி.கு.: 3,500 ரூபாய் ரசீதின் நகல் இணைத்துள்ளேன். அசலை உங்களிடம் தர மாட்டேன்.