பரணிலிருந்து இறக்கிய செப்பு

அன்புள்ள தம்பிக்கு,

பணம் வந்தது. முழங்கால் வலி பரவாயில்லை. லீவு விட்டதும் சின்னவனை இங்கே கொண்டு வந்து விடு. போனிலும் சொன்னேன், நீ பதில் சொல்லவில்லை.

பாப்பா மகள் வந்திருக்கிறாள். நேற்று தார்சாவில் எதிர்வீட்டுப் பையனோடு ஒரே விளையாட்டு. "இது ஆறாம், நீ முதலையாம், நான் துணி துவைக்கிறேனாம்." சிவப்புத் தரை தாமிரபரணி ஆகிவிட்டது. நடுவில் அவன், "முதலை போதும், நான் போலீஸாம்" என்றான். விளையாட்டை நிறுத்தி இரண்டு பேரும் பேசினார்கள். கடைசியில் முதலையைப் பிடிக்க வந்த போலீஸ் என்று முடிவானது. நான் காபி டம்ளரோடு குறுக்கே போனேன். "ஆச்சி, தண்ணியில மிதிக்காதீங்க!" சுவரோரமாகச் சுற்றித்தான் போனேன்.

பால்வாடியில் 28 வருஷம் பார்த்ததுதான். இரண்டு வயதில் பிள்ளை வெறும் டம்ளரைத் தானே குடித்துக் காட்டும். மூன்று, நான்கு வயதில்தான் 'ஆறாம், முதலையாம்' என்று இந்த 'ஆம்' போட ஆரம்பிக்கும். ஒரு பிள்ளை சொல்லும் 'ஆம்'ஐ இன்னொரு பிள்ளை ஒத்துக்கொண்டால்தான் அங்கே ஆறு ஓடும். சின்னவனுக்கு நாலு முடிந்துவிட்டது. போனிடம் அவன் எதைக் கேட்டு, எதை விட்டுக்கொடுப்பான்? அவன் போன் பார்ப்பதைக் குறை. லீவுக்குக் கொண்டு வா.

சின்னப்பிள்ளையில் நீயும் பாப்பாவும் மொட்டைமாடித் தட்டட்டியில் பாபநாசம் பஸ் ஓட்டுவீர்கள். நீ டிரைவர், அவள் கண்டக்டர், வேப்பிலை டிக்கெட். எத்தனை சண்டை வந்தாலும் பஸ் நின்றதில்லை. தெருவே மெச்சும். இந்த வருஷம் அப்பா திதிக்கு அவள் காலையில் வந்தாள், நீ சாயங்காலம் வந்தாய். நான் எதுவும் கேட்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு அப்போது ஏழு வயது. அம்பாசமுத்திரத்து மரச்செப்புச் சாமான்களை வைத்து இரண்டு பேரும் சோறு பொங்கிக்கொண்டிருந்தீர்கள். உன் பெரியப்பா பார்த்துச் சிரித்துவிட்டார் என்று, "பொட்டப்பிள்ளையா நீ" என்று உன் முதுகில் அடித்தேன். செப்பைப் பரணில் போட்டேன். அதற்கப்புறம் நீ அவளோடு விளையாடவே இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு மணல் கொட்டி விளையாட விட்டவள், பெற்ற பிள்ளையை அடித்தேன். தப்பு என்னுடையது, தம்பி. அன்று பாப்பா உன் பங்குக்குச் செங்கல்பொடிக் குழம்பை எடுத்து வைத்துக்கொண்டு, இருட்டும்வரை நடையில் உட்கார்ந்திருந்தாள்.

செப்பை நேற்று இறக்கித் துடைத்தேன். சாயம் போகவில்லை, ஒரு பானைக்கு மட்டும் மூடி இல்லை. மகளைக் கூட்டிப்போக பாப்பா சித்திரை கடைசியில் வருகிறாள். உன்னை வரச்சொல்லி எழுதுவது அவளுக்குத் தெரியாது. டிக்கெட் போட்டதும் சொல்.

அம்மா