வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. நூலக அறைக்கு இரண்டு அலமாரிகள் வாங்கினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பத்திரிகை வரலாறு பற்றிய பேச்சுகளில், உறுப்பினர்கள் மறுபடியும் வேண்டும் என்று கேட்டது ஒன்றைத்தான்: அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் ஹெரால்டு என்ற ஆங்கிலப் பத்திரிகை பற்றிய பேச்சு. அதைக் கொஞ்சம் விரிவாகவே பதிவு செய்கிறேன்.

1876 செப்டம்பர் 15இல் வில்லியம் கேத்கார்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதைத் தொடங்கினார். ஒரே தாள். முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் பெரும்பாலும் கப்பல் செய்தி. வியாபாரத்துக்காக அங்கே குடியேறியிருந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு அதுதான் தேவைப்பட்டது. 1861 முதலே அங்கு தி ஸ்டாண்டர்டு என்ற ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. 1959இல் அது நின்ற பிறகும் ஹெரால்டு வந்துகொண்டிருந்தது.

1976 மார்ச் 24 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வீடு புகுந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள்; எங்கே என்று கேட்டால் பதில் கிடையாது. பெரிய பத்திரிகைகள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இந்தச் சின்ன ஆங்கிலப் பத்திரிகையின் அலுவலகத்துக்கு வந்தார்கள். முதலில் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிடித்துப்போனவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் மனு, போடுங்கள் என்றார் ஆசிரியர் ராபர்ட் காக்ஸ். மனு பதிவாகிவிட்டால் அது நீதிமன்றச் செய்தி. காணாமல் போனவரின் பெயரை அச்சிடலாம். அப்படிப் பெயர் வெளிவந்ததால் உயிர் தப்பியவர்களும் உண்டு. உள்ளூர் மக்களும் படிக்கட்டும் என்று தலையங்கத்தை ஸ்பானிய மொழியிலும் போட்டார்கள். என்ன ஒரு துணிச்சல்! இந்த இடம் வந்தபோது கூட்டத்தில் சத்தமே இல்லை.

அதற்கான விலையையும் கொடுத்தார்கள். செய்தியாளர் ஆண்ட்ரூ கிரகாம் யூல் 1976இலேயே நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. 1977இல் காக்ஸைக் கைது செய்து, பிறகு விட்டார்கள். குடும்பத்துக்கே மிரட்டல் வந்ததும் 1979 டிசம்பரில் அவரும் வெளியேறினார். அப்புறம் ஜேம்ஸ் நீல்சன் ஆசிரியரானார்.

2016இல் நாளிதழ் வார இதழாகச் சுருங்கியது. 2017 ஜூலையில் அச்சுப் பதிப்பே நின்றது. 140 ஆண்டு வந்த தாள் அப்படி முடிந்தது எனக்கு இன்னமும் மனம் ஆறாத விஷயம்.

ஆட்கொணர்வு மனு நம் ஊரில் எப்படிச் செயல்படுகிறது என்று பலர் கேட்டார்கள். வழக்கறிஞரான நம் உறுப்பினர் ஒருவர் அடுத்த மாதக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச இசைந்திருக்கிறார். இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு அவையை வேண்டுகிறேன்.

செயலாளர்