விஜி, நீ போன்ல சொன்னதுக்குத்தான் இந்த லெட்டர்

அன்புள்ள விஜி,

அம்மாவோட கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டப்புறம்தான் நிம்மதியாச்சு. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாம விடச் சொல்லு. இங்க பெரியவன் பிளஸ் டூ, டிவி போட்டே மாசக்கணக்காச்சு.

அன்னிக்கு போன்ல சொன்னியே, பொண்ணுங்களை சீரழிக்கிறவனுக்கெல்லாம் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கு, ஆறே மாசத்துல தூக்குல போட்டுடணும்னு. அந்தக் கோபம் எனக்கும் இருக்குடி. ஆனா அதுலேர்ந்து சீனாவுல நடந்த நியே ஷூபின் கேஸ்தான் மனசுல ஓடிட்டே இருக்கு.

1994ல ஷிஜியாஜுவாங் நகரத்துக்கு வெளிய ஒரு சோளக்காட்டுல ஒரு பொண்ணை நாசம் பண்ணி கொன்னுட்டாங்க. செப்டம்பர்ல நியே ஷூபின்ங்கிற இந்தப் பையனைப் பிடிச்சாங்க, 1995 ஏப்ரல் 27ல சுட்டுக் கொன்னே முடிச்சிட்டாங்க, கேஸ், அப்பீல் எல்லாமே அந்த ஏழு மாசச் சொச்சத்துல. சாகும்போது அவனுக்கு 20 வயசு. அவனே ஒத்துக்கிட்டான்னு வாக்குமூலத்தைக் காட்டினாங்க, ஆனா பிடிச்ச முதல் அஞ்சு நாள் என்ன கேட்டாங்க என்ன சொன்னான்ங்கிற பதிவு ஃபைல்லயே இல்ல. சுட்டுக் கொன்ன மறுநாள் அவன் அப்பா ஜெயிலுக்கு சாமான் எடுத்துட்டுப் போறார், அங்க போனப்புறம்தான் பிள்ளை முந்தின நாளே போயிட்டான்னு தெரியுது. எந்தப் பெத்தவங்களுக்குடி இது வரணும்?

2005ல வேற கேஸ்ல மாட்டின வாங் ஷுஜின்ங்கிறவன் அந்த சோளக்காட்டுக் கொலையை நான்தான் பண்ணேன்னு தானா சொல்றான். அதுக்கப்புறமும் பையனோட அம்மா ஜாங் ஹுவான்ஜி கோர்ட் கோர்ட்டா அலைஞ்சாங்க. தீர்ப்பு காப்பி இல்லாம மனுவை எடுக்க மாட்டோம்னாங்களாம், அந்த காப்பியை கோர்ட் இவங்க கையில கொடுத்ததே இல்ல! 2016 டிசம்பர் 2ல தான் உச்ச நீதிமன்றம் அவன் நிரபராதின்னு சொல்லிச்சு. நஷ்டஈடு 26 லட்சம் யுவானுக்கு மேல.

இதுல இன்னொண்ணு பாரு, வாங் ஷுஜின் சொன்னதையும் கோர்ட் ஏத்துக்கல. அப்போ அந்தப் பொண்ணைக் கொன்னது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எந்தத் தீர்ப்புலயும் இல்ல. அவசர அவசரமா ஒரு பையனைக் கொன்னு ஃபைலை மூடினதுல அவ குடும்பத்துக்கும் ஒண்ணும் கிடைக்கல. அவன் உள்ளயாவது உயிரோட இருந்திருந்தா வெளிய விட்டிருக்கலாம், தப்பு பண்ணவனை அப்பவே தேடியும் இருக்கலாம்.

ஆயுசுக்கும் உள்ள வைக்கட்டும், அதுக்கு நான் குறுக்க வரல. ஆனா தூக்கு வேண்டாம்டி, அதுவும் ஆறு மாசத்துல வேண்டவே வேண்டாம். நீ ஒத்துக்கலைன்னா ஏன்னு விவரமா எழுது, போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துவோம். அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லு.

அன்புடன்,
கௌரி