பேரனின் மர வாள் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் மகனுக்கு வருகிற மாதம் ஆறு வயது நிறைகிறது. நீ வேண்டாமென்று சொன்ன மர வாளை அவனுக்குச் செய்து கொடுப்பதென்று முடிவெடுத்துவிட்டேன். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

மொறட்டுவையில் இறப்பர் பலகைத் துண்டொன்று வாங்கினேன். பால் வற்றிய மரத்தை அறுத்து, பூச்சி அரிக்காதபடி மருந்தேற்றிச் சூளையில் உலர்த்திய பலகை. நார் நேரானது, நன்றாக இழைத்தால் சிலாம்பு எளிதில் எழும்பாது. நார் நீளவாக்கில் ஓடும்படி பார்த்தே அறுத்தேன். குறுக்கே ஓடினால் பிடியருகில் முறிந்து, முறிந்த முனை கண்ணைக் குத்தும். குறுக்குக் கட்டைக்கு ஆணி வைக்காமல், இரண்டு துண்டிலும் பாதிக் கனம் வெட்டி ஒன்றுக்குள் ஒன்றை இறக்கிப் பசையிட்டிருக்கிறேன். நுனி என் பெருவிரலைப் போல மொட்டையாக இருக்கிறது.

முறிந்த முனையைப் பற்றி நான் ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்று உனக்குத் தெரியும். 1998இல் உன் பாடசாலை நாடகத்துக்குச் செய்த வாள். கொழும்பில், காலி வீதியின் யுத்தகாலச் சோதனைச் சாவடியில் நின்றவர் யார் செய்தது என்று கேட்டபோது, நீ பெருமையோடு "அப்பா" என்றாய். அவர் வாளில் சுற்றியிருந்த வெள்ளித்தாளை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, முழங்காலில் வைத்து முறித்தார். இரண்டு துண்டும் தாளில் தொங்கிக்கொண்டிருக்க, நீ என் முகத்தைத்தான் பார்த்தாய். என் அடையாள அட்டை அவர் கையிலும் உன் கை என் கையிலும் இருந்த அந்த நேரத்தில் நான் வாய் திறக்கவில்லை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் மனம் வருகிறது, பிள்ளை. ஆனால் பேசியிருந்தால் நீ அன்று தனியாகத்தான் வீடு திரும்பியிருப்பாய்.

உன் மகன் அந்த வீதியை அறியாமல் வளரட்டும் என்று நினைக்கிறாய். அது தாய்மனம், குறை சொல்லமாட்டேன். ஆனால் என் கையால் செய்ததை ஆயுதம் என்று நீயும் சொன்னாயே! சாவடியில் நின்றவரும் அதை அப்படித்தான் பார்த்தார். கைபேசியில் அவன் நாள் முழுதும் சுடுகிறான். அதற்கு உன் வீட்டில் தடை இல்லை.

பெயின்ற் பூசவில்லை. ஓரங்களைத் தேய்ப்பதை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறேன். விடுமுறைக்கு வந்ததும் அதை அவனே செய்யட்டும். வாள் வருகிறதென்று அவனுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன். வேண்டாமென்றால் அதை அவனிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் சொல்லமாட்டேன்.

அப்பா
கொழும்பு