ஸ்ட்ரீமரில் ரீங்காரமும் 'டிக்' சத்தமும்: கேபிள் வேண்டாம், கருவியைச் சரிசெய்து தாருங்கள்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மியூசிக் ஸ்ட்ரீமரின் மின் இரைச்சல், கிளாக் பிழை குறித்துப் புகார்

மதிப்புக்குரியீர், வணக்கம்.

நெட்வொர்க்கிலிருந்து பாட்டை எடுத்து வாசிக்கும் உங்கள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமரை வாங்கி ஆம்பிளிஃபையரோடு இணைத்துப் பாட்டுக் கேட்டு வருகிறேன். பாட்டு அடங்கும் இடங்களில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு ரீங்காரம் வருகிறது. கணினியை ஆப்டிகல் கேபிளில் இணைத்துக் கேட்டால், ஏறக்குறைய கால் மணி நேரத்துக்கு ஒருமுறை 'டிக்' என்று ஒலி வெட்டுப்படுகிறது. இரண்டையும் மின்னஞ்சலில் தெரிவித்தேன். "எங்களுடைய உயர்தர ஈதர்நெட் கேபிளை வாங்கிப் போடுங்கள், இரண்டும் சரியாகிவிடும்" என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவு பதில் அனுப்பியது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் ரீங்காரம். ஈதர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு வைஃபையில் ஓடவிட்டேன். ரீங்காரம் அப்படியே இருந்தது. அப்புறம் நீங்கள் கொடுத்த அடாப்டரை எடுத்துவிட்டு, 12 வோல்ட் பேட்டரியில் ஸ்ட்ரீமரை இயக்கினேன். ரீங்காரம் சுத்தமாக நின்றுவிட்டது. மறுபடி அடாப்டரை மாட்டினேன், திரும்பி வந்துவிட்டது. இதற்கு மேல் வேறு சாட்சி வேண்டுமா?

அந்த அடாப்டர் எர்த் முள் இல்லாத ஸ்விட்ச் மோட் (மின்சாரத்தை மிக வேகமாக விட்டுவிட்டுச் செலுத்தி மாற்றும்) வகை. இந்த வகையில் மெயின் மின்சாரப் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் இடையே ஒரு ஒய் கெபாசிட்டர் வைப்பார்கள். ரேடியோ இடையூறைக் குறைக்க அது தேவைதான். ஆனால் அதன் வழியே மைக்ரோஆம்பியர் கணக்கில் ஒரு கசிவு மின்னோட்டமும் வெளியே வரும். எர்த் இல்லாததால் அது, ஸ்ட்ரீமரை ஆம்பிளிஃபையரோடு இணைக்கும் ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு (வெளிப்புற உலோக உறை) வழியாக, எர்த் செய்யப்பட்ட என் ஆம்பிளிஃபையருக்குப் போகிறது. ஆர்சிஏயில் சிக்னல் திரும்பி வரும் பாதையும் அதே ஷீல்டுதான். எனவே ஷீல்டின் சிறு மின்தடையில் எழும் மின்னழுத்தம் சிக்னலோடு சேர்ந்து ஸ்பீக்கரில் ஒலிக்கிறது. ஈதர்நெட் கேபிளை மாற்றி இதை எப்படித் தடுப்பது? ஈதர்நெட் போர்ட்டில் ஏற்கெனவே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, 1500 வோல்ட் வரை தாங்கும் மின் தனிமைப்படுத்தலை அதன் தரநிலையே கட்டாயமாக்கியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பின்பக்க யூஎஸ்பி போர்ட்டில் பென் டிரைவைச் செருகினால் ஒரு மெல்லிய கீச்சொலி சேர்ந்துகொள்கிறது. பேட்டரியில் ஓடும்போதும் அது போகவில்லை. போனில் ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் செயலியைத் திறந்து ஸ்பீக்கர் அருகே பிடித்தேன். 8,000 ஹெர்ட்ஸில் ஊசி மாதிரி ஒரு கோடு நின்றது. யூஎஸ்பி 2.0 ஹை ஸ்பீடில் 125 மைக்ரோவிநாடிக்கு ஒரு மைக்ரோஃபிரேம் (தரவு அனுப்பும் காலப் பகுதி), அதாவது விநாடிக்குச் சரியாக 8,000. அந்தத் துடிப்பு 5 வோல்ட் லைன் வழியாகவோ கிரவுண்ட் வழியாகவோ டிஏசி (டிஜிட்டல் தரவை ஒலி சிக்னலாக மாற்றும்) பகுதிக்குள் கசிகிறது என்பது என் கணிப்பு. உங்கள் பொறியாளர்கள் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது 'டிக்'. இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது, ஏனென்றால் பாட்டின் நடுவிலேயே வெட்டுகிறது. ஒலியை வாசிக்கும் வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்புதான் கிளாக், அந்தத் துடிப்புகள் நேரம் சற்று முன்பின்னாக வருவதுதான் ஜிட்டர். பெட்டியில் 'ஜிட்டர் அறவே இல்லை' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஜிட்டரே இல்லாத கிளாக் உலகத்தில் கிடையாது. குறைக்கலாம், ஒழிக்க முடியாது. நெட்வொர்க்கில் வரும் பாட்டுக்கு இந்த 'டிக்' வருவதே இல்லை. அங்கே தரவு பாக்கெட்டுகளாக வந்து பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) சேர்கிறது, உங்கள் கருவி கிளாக்கை உருவாக்கும் தன் கிரிஸ்டலின் வேகத்தில் அதை எடுத்து வாசிக்கிறது, பஃபர் குறைந்தால் மேலும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஒலியின் கிளாக் ஈதர்நெட் கேபிளில் வருவதே இல்லை. மாதிரி வேகம் (விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்பது) 44.1 கிலோஹெர்ட்ஸ் கொண்ட குடும்பத்துக்கு 22.5792 மெகாஹெர்ட்ஸ், 48 குடும்பத்துக்கு 24.576 மெகாஹெர்ட்ஸ் என்று தனித்தனி கிரிஸ்டல் வைத்திருக்கிறீர்கள். அது நல்ல வடிவமைப்பு, மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆப்டிகலில் நிலைமை வேறு. அங்கே கிளாக் தரவோடு கலந்தே வருகிறது, வேகத்தை முடிவு செய்வது அனுப்பும் கணினி. வாங்கும் கருவி பிஎல்எல் சுற்று வைத்து அந்த வேகத்தைப் பின்தொடர வேண்டும், அல்லது வந்த ஒலியைத் தன் வேகத்துக்கு மறுமாதிரி செய்ய (மாதிரிகளைத் திரும்பக் கணக்கிட) வேண்டும். உங்கள் கருவி இரண்டையும் செய்வதாகத் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கிரிஸ்டல்களுக்கிடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருப்பது சாதாரணம். விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்றால், அதில் 2.2 மாதிரிகள் கூடியோ குறைந்தோ போகும். உங்கள் கையேட்டின்படி ஆப்டிகல் பஃபர் 100 மில்லிவிநாடி, அதாவது 4,410 மாதிரிகள். பாதி நிரம்பிய நிலையில் தொடங்கினால், சுமார் 1,000 விநாடியில் அது வழிந்துவிடும் அல்லது காலியாகிவிடும். பதினாறு, பதினேழு நிமிடம். நான் கேட்கும் 'டிக்'கின் இடைவெளியும் ஏறக்குறைய அதேதான்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். கசிவு குறைந்த, எர்த் இணைப்புள்ள அடாப்டரை இலவசமாக மாற்றித் தாருங்கள். ஆப்டிகல் உள்ளீட்டில் கிளாக்கைப் பின்தொடரவோ மறுமாதிரி செய்யவோ ஃபர்ம்வேர் புதுப்பிப்பை எப்போது வெளியிடுவீர்கள் என்று தேதியோடு எழுத்தில் தெரிவியுங்கள். யூஎஸ்பி கீச்சொலிக்காகக் கருவியை உங்கள் சர்வீஸ் மையத்துக்கு அனுப்பத் தயாராக இருக்கிறேன், போக்குவரத்துச் செலவு உங்களுடையதாக இருக்க வேண்டும். இவற்றைச் செய்ய இயலாது என்றால் கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் கொடுத்துவிடுங்கள்.

இதே குறையோடு உங்களுக்கு எழுதும் மற்றவர்களுக்கும் ஈதர்நெட் கேபிளைப் பரிந்துரைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பலர் அதை நம்பி வாங்கிவிடுவார்கள்.

பேட்டரியிலும் அடாப்டரிலும் எடுத்த ஒலிப்பதிவுகள், 8,000 ஹெர்ட்ஸ் கோடு தெரியும் படம், வாங்கிய ரசீதின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்