ஆடு உரிக்க எந்தக் கத்தி? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆடி நெருங்குகிறது. ஐயனாருக்கும் முனீஸ்வரனுக்கும் கிடா நேர்ந்துகொண்டவர்கள் கத்தி பார்க்கக் கடைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். பக்ரீத் சமயத்தில் கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கமிருந்து வருகிறவர்கள் கேட்பதும் இதையேதான்: “உரிக்கிறதுக்கு நல்ல கத்தியா ஒண்ணு குடுங்க.” கும்பகோணத்தில் கூட்ட நேரத்தில் நின்று விளக்க முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

பெரும்பாலானவர்கள் கை வைப்பது எட்டு, பத்து அங்குலக் கத்தியில். தோல் உரிக்க அது வேண்டாம். அலகு நான்கிலிருந்து ஐந்து அங்குலம் இருந்தால் தாராளம். வெட்டுவதற்கு அரிவாள், எலும்பைத் துண்டு போட வெட்டுக்கத்தி, உரிக்கவும் வயிறு திறக்கவும் சின்னக் கத்தி என்று மூன்றும் தனித்தனி வேலை. குர்பானிக்கு அறுக்கிற கத்தி நீளமாக, வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், பொக்கை இல்லாமல் இருக்க வேண்டும். அதையே உரிக்கவும் எடுத்தால் எலும்பில் பட்டுக் கூர் போய்விடும்.

ஏன் சின்னக் கத்தி என்பது உரிக்கிறவர் கையைப் பார்த்தால் தெரியும். ஆட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பின்னங்காலில் தோலைச் சுற்றி அறுத்து, தொடையின் உட்பக்கமாகக் கீறி வருவார். அந்தக் கீறலையும் மேலிருந்து அழுத்திப் போடமாட்டார். முனையைத் தோலுக்கு அடியில் நுழைத்து, கூர் வெளியே பார்க்கும்படி உள்ளிருந்து வெளியே அறுப்பார். அப்போதுதான் மயிர் வெட்டுப்பட்டுக் கறியில் ஒட்டாது, கத்தியும் சீக்கிரம் மழுங்காது. வழி திறந்துவிட்டால் அப்புறம் பாதி வேலை கத்திக்கே இல்லை. முஷ்டியைத் தோலுக்கும் சவ்வுக்கும் நடுவில் வைத்துத் தள்ளினால் முதுகும் விலாவும் தானாகக் கழன்று வரும். நெஞ்சு, கால் மாதிரி இறுக்கமாகப் பிடித்திருக்கும் இடங்களில் மட்டும் கத்தி திரும்ப வரும். அங்கே உதவுவது முனையைவிட அலகின் முன்பகுதியில் இருக்கும் வளைவுதான். வளைந்த வாய் தோலை வருடிப் பிரிக்கும். நேர் வாயும் ஊசி முனையும் உள்ள சூரிக்கத்தி தோலில் ஓட்டை போடும். திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் கத்திக்காயம் பட்ட தோலுக்கு மதிப்புக் குறைவு. தோலை விற்கிறவர்களும் மதரஸாவுக்குக் கொடுக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

வயிறு திறக்கும்போது இன்னும் கவனம். கத்தியின் முதுகு முனையை நோக்கிக் கொஞ்சம் தாழ்ந்து வருவதாகப் பாருங்கள். மேல்நோக்கித் தூக்கிய முனை இரைப்பையிலோ குடலிலோ குத்திவிடும். குத்திவிட்டால் சாணமும் நாற்றமும் கறியில் ஏறும். இரண்டு விரலை உள்ளே விட்டு, அவற்றுக்கு நடுவில் முனையை வைத்து, கூர் வெளிப்பக்கம் பார்க்க இறக்குவதுதான் பாதுகாப்பு. ஈரலை எடுக்கும்போது பித்தப்பை உடையக் கூடாது. உடைந்தால் ஈரல் கசந்து போகும்.

சரி, இரும்பா எவர்சில்வரா? காந்தம் கொண்டுவந்து, ஒட்டினால் ‘இது எவர்சில்வர் இல்லை’ என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கத்திக்கு அந்தச் சோதனை செல்லாது. காந்தம் ஒட்டாத எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டுக்கு ஏற்றது. அதைச் சூடுபடுத்தி, சட்டென்று குளிர முக்கித் தோய்ச்சல் போட்டாலும் கெட்டிப்படாது, கூர் நிற்காது. கெட்டிப்படுத்தக்கூடிய கத்தி எவர்சில்வரில் காந்தம் ஒட்டவே செய்யும். பட்டறைக் கத்தி என்றால் பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. அதில் கார்பன் சுமார் 0.6 சதவீதம் இருப்பதால் தோய்ச்சல் நன்றாகப் பிடிக்கும், வீட்டுக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம். துருதான் அதன் எதிரி. எங்கள் அபிப்பிராயம் இது: தஞ்சாவூர், மன்னார்குடி என்று கடலை விட்டுத் தள்ளி இருக்கிறவர்கள் பட்டறைக் கத்தியே வாங்கலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று உப்புக்காற்றில் இருக்கிறவர்கள், அதிலும் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் கத்தியை எடுக்கிறவர்கள், எவர்சில்வர் வாங்குவது நல்லது.

பிடியை விலைக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். கொழுப்பும் ரத்தமும் கையில் பட்டால் பளபளப்பான பிடி வழுக்கும். அலகுக்குப் பக்கத்தில் விரல் நழுவாமல் தடுக்க ஒரு மேடு இருக்க வேண்டும். இரும்பு பிடியின் கடைசிவரை போயிருக்கிறதா, ரிவிட் அசைகிறதா என்று பாருங்கள். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் சந்து தெரிந்தால் அந்தக் கத்தியை எடுக்காதீர்கள். அழுக்கு அங்கேதான் போய்த் தங்கும்.

‘வேட்டைக் கத்தி’ என்று கேட்டு வரும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். படத்தில் பார்க்கிற, முதுகில் கொக்கி வைத்த கத்தி வெளிநாட்டில் அனுமதி வாங்கி மான் வேட்டையாடுகிறவர்களுக்காகச் செய்தது. கொக்கி வயிற்றுத் தோலைக் கிழிக்கப் பயன்படும். ஆனால் அதில் மயிர் சிக்கும், சாதாரணக் கல்லில் தீட்டவும் முடியாது. ஆட்டுக்கு அது தேவையே இல்லை. நம் ஊரில் முயல், கொக்கு, மடையான் எதைப் பிடித்தாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வடுவூருக்கும் கோடியக்கரைக்கும் வருகிற பறவைகள் நிம்மதியாக இருக்கட்டும். அந்த வேலைக்கென்று கேட்டால் எங்கள் கடையில் கத்தி கிடையாது.

தீட்டுவது பற்றி. மின்சாரச் சாணையில் தீப்பொறி பறக்கப் பிடித்தால் வாய் சூடாகி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். கல்லில் தண்ணீர் விட்டு, பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி சாய்வில், மெதுவாகத் தீட்டுங்கள். மழுங்கிய கத்திதான் கையை அதிகம் வெட்டும், ஏனென்றால் அழுத்த வேண்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் அண்டாத் தண்ணீரில் ஊறப் போடாமல் வெந்நீரிலும் சோப்பிலும் கழுவி, துடைத்து, பட்டறைக் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.

பழைய கத்தி இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். அலகு நன்றாக இருந்தால் பிடி மட்டும் மாற்றிச் சாணை பிடித்துத் தருகிறோம், புதுசு வாங்கச் சொல்லமாட்டோம். ஆடி முதல் வாரத்தில் கூட்டம் சேரும் என்பதால் அதற்கு முன்பே வந்தால் உட்கார்ந்து பேசிப் பார்த்து வாங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் கத்திக் கடைக்காரர்,
கும்பகோணம்