காசோலையில் இரண்டாவது கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்களுக்கு நாற்காலி தராததையும் கொடியேற்ற விடாததையும் உங்கள் தலையங்கம் சரியாகவே கண்டித்திருந்தது. ஆனால் அவை கண்ணுக்குத் தெரிகிற அவமானங்கள். படம் வெளியே வந்தால் வழக்குப் பதிவாகும். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்த விவகாரம் கைது வரை போனது. யாராலும் படமெடுக்க முடியாத ஒன்றைப் பற்றி, ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் துணைத்தலைவர் பதவிக்கு இல்லை. ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு இந்த ஓட்டை போதும். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சிகளில் துணைத்தலைவர் பதவிக்குத்தான் அடிதடி.

நான் வேலை பார்த்த ஒரு தனி ஊராட்சியில் மோட்டார் காயில் எரிந்து குடிநீர் நின்றது. மெக்கானிக் கடனுக்குச் சரிசெய்துவிட்டு, பில்லோடு நடையாய் நடந்தார். காசோலைப் புத்தகத்தோடு நான் துணைத்தலைவர் வீட்டுக்கு நடந்தேன். ஒருநாள் கல்யாணத்துக்குப் போயிருப்பார். ஒருநாள் கண்ணாடியைக் காணோம் என்பார். கடைசியில், "உங்கள் தலைவரையே வந்து கேட்கச் சொல்லுங்கள்" என்றார். தலைவர் போனால் வாசலில்தான் நிற்க வேண்டும். துணைத்தலைவருக்கு வேண்டியதும் அதுதான். அடுத்த முறை மோட்டார் பழுதானபோது மெக்கானிக் வரவில்லை. ஊர் திட்டியது தலைவரை.

புகார் போனால் என்ன ஆகும்? அதே சட்டத்தில் அவசரகால அதிகாரம் தரும் பிரிவு 203-ஐக் காட்டி, காசோலை அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். முட்டுக்கட்டை போட்டவருக்கும் முட்டிக்கொண்டவருக்கும் ஒரே தண்டனை!

எங்கள் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுகள் தனி ஊராட்சித் தலைவரை நிலைக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். 2006-இல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. இதே மாவட்டத்து மேலவளவில் 1997-இல் தலைவர் முருகேசனையும் உடனிருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். இன்று அத்தனை சிரமம் எதற்கு? பேனாவை மூடி வைத்தால் போதும்.

தலையங்கம் பரிந்துரைத்த விழிப்புணர்வு முகாம்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவற்றுக்கு டீ, வடை பில் எழுதியே என் கை ஓய்ந்துவிட்டது. துணைத்தலைவர் பதவியிலும் இடஒதுக்கீடு வரட்டும். அது முடியாதென்றால், மன்றம் ஒப்புதல் அளித்த செலவுக்கு ஏழு நாட்களுக்குள் கையெழுத்திடாத துணைத்தலைவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் அவருடைய இடத்தில் மட்டும் வட்டார வளர்ச்சி அலுவலர் கையெழுத்திடட்டும். தலைவரின் கையெழுத்தை யாரும் பறிக்கக் கூடாது. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே இந்தத் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர்,
மதுரை மாவட்டம்.